மாப்பிள்ளையின் பாம்பும் என் குரங்குக் குல்லாவும்

ஐந்தாம் வகுப்பு பாதியில் படிப்பை நிறுத்தியவன் நான். அதற்கப்புறம் நான் கட்டியவற்றைச் சொல்கிறேன், எண்ணிக்கொள்ளுங்கள். நாமக்கல் பக்கத்தில் பங்காளிகள் யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய மூன்று ஏக்கர் சுக்கான் பாறையில் தென்னங்கீற்று வேய்ந்த ஒரு கொட்டகை, அதில் இருநூறு கோழிக்குஞ்சு. கொட்டகை காற்றில் போனது, மறுபடி கட்டினேன். நோய் வந்து கோழி போனது, மறுபடி குஞ்சு இறக்கினேன். பிறகு இருபதாயிரம் கோழி. பிறகு நாற்பதாயிரம். சொந்தமாகக் குஞ்சு பொரிப்பகம், தீவன மில், மூன்று பேர் வந்து பார்த்து ‘இங்கே சொட்டுத் தண்ணி கிடையாது’ என்று சொல்லிவிட்டுப் போன இடத்தில் ஆழ்குழாய்க் கிணறு. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் (நான் பாதியில் ஓடிவந்த அதே பள்ளிக்கூடம், இனி எவனும் ஓட முடியாது). ஒரே மகளை இஞ்சினியராக்கி டெக்சாஸ் வரைக்கும் அனுப்பினேன். இதில் எதற்கும் எவனும் எனக்குக் கை கொடுக்கவில்லை.

இத்தனையும் செய்த நான், நான்கு வருடத்துக்கு முன்னால் அங்கே மகள் குடியிருக்கும் ஃபிரிஸ்கோவில், முழத்தைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு பாம்பை ஒரு வாய் சாப்பிட வைக்க முடியாமல் தோற்றேன். தோற்றதோடு போயிருந்தால் இங்கே எழுத வேண்டியதில்லை. அதைக் குடும்பமே சோபாவில் உட்கார்ந்து டிவியில் பார்த்தது.

முதலில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் அருண். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். தங்கமான மனிதர். அவரிடம் எனக்கு ஒரே ஒரு குறைதான்: வாயைத் திறந்து எதையும் கேட்க மாட்டார். தலைதீபாவளிக்கு வந்தபோது, என்ன வேண்டுமோ கேளுங்கள் என்றேன். எங்கள் பக்கம் மாமனார் அப்படிக் கேட்டால் மாப்பிள்ளை கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு ஏதாவது ஒன்றைச் சொல்வார். மாமனார் கொஞ்சம் யோசிப்பது போலக் காட்டிக்கொண்டு வாங்கித் தருவார். இரண்டு பேருக்கும் கௌரவம். இவரோ இட்லியைப் பார்த்தபடியே, “ஒண்ணும் வேண்டாங்க மாமா, எல்லாம் இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டார். அடுத்த பொங்கலுக்கும் அதே பதில். ஆறு வருடம் அதே பதில். எல்லாம் இருக்கிற மாப்பிள்ளைக்கு நான் எதற்கு என்று எனக்கு ஒரு வருத்தம். வெளியே சொன்னதில்லை.

அந்த வருடம் பிப்ரவரியில் நானும் என் மனைவி சரோஜாவும் ஆறு மாதம் தங்குவதற்காக மகள் வீட்டுக்குப் போனோம். போன இரண்டாவது வாரம், சாப்பிடும்போது, மாப்பிள்ளை வாயைத் திறந்தார். தனக்கு ஒரு பாம்பு வளர்க்க ஆசை என்றார்.

நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். குடித்ததெல்லாம் மூக்கு வழியாக வந்தது.

நாய், பூனை என்றால் அவருக்குத் தும்மல் வந்து கண் வீங்கிவிடும். முடி இல்லாத பிராணியாகப் பார்த்தால் பாம்புதானாம். சின்ன வயதிலிருந்தே ஆசையாம். ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஜாதி, விஷம் கிடையாது, பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அவ்வளவு சாது என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்பது வருடம் பண்ணையில் பாம்பை விரட்டியவன் நான். குஞ்சுக் கொட்டகைக்குள் சாரைப்பாம்பு புகுந்தால் விடிவதற்குள் பத்து இருபது குஞ்சு காணாமல் போகும். அதைப் போய்க் காசு கொடுத்து யாராவது வீட்டுக்கு அழைப்பார்களா? ஆனால் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் ஏதோ ஒன்று வேண்டும் என்று எழுதியிருந்தது.

என் மகள் வித்யா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். இந்த ஜாதிப் பாம்பு புது இடத்தில் சிலது சாப்பிடவே சாப்பிடாது என்று அவள் எங்கேயோ படித்திருந்தாள்.

“சிக்ஸ் வீக்ஸ். அதுக்குள்ள அது சாப்பிட ஆரம்பிக்கலைன்னா ரிட்டர்ன். ஒரு ஜீவன் பட்டினி கிடந்து என் வீட்ல சாகறதை நான் பாத்துட்டு இருக்க மாட்டேன்.”

மாப்பிள்ளை தலையாட்டினார். நானும் மனதுக்குள் தலையாட்டினேன். மாப்பிள்ளை கேட்ட ஒரே பொருள். அது திரும்பிப் போகக் கூடாது. அதைச் சாப்பிட வைப்பது என் பொறுப்பு. யாரும் என்னிடம் சொல்லவில்லைதான். யாரும் சொல்லாததைச் செய்துதான் நான் இந்த நிலைமைக்கு வந்தேன்.

பாம்பு கூரியரில் வந்தது. (நம் ஊரில் கூரியரில் கல்யாணப் பத்திரிகை வரும்.) பழுப்பும் கறுப்புமாக, திட்டுத்திட்டாக, என் கட்டைவிரல் தடிமன். பெயர் கோகோ. ஆணா பெண்ணா என்று கேட்டேன், பெரிதானால்தான் தெரியும் என்றார்கள். மாப்பிள்ளையுடைய பாம்பு என்பதால் அதை எப்படி அழைப்பது என்று எனக்குக் குழப்பம். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ‘வாங்க’ என்றே சொன்னேன். முதல் மூன்று வாரம் அந்தப் பாம்பிடம் ‘நீங்க, வாங்க, சாப்புடுங்க’ என்றுதான் பேசினேன்.

மாப்பிள்ளை தன் ஆபீஸ் அறையில் கண்ணாடித் தொட்டி வைத்து, மேலே கம்பிவலை மூடி போட்டு, அதன் மேல் ஒரு சூட்டு விளக்கு வைத்து, உள்ளே ஒளிந்துகொள்ள இருட்டாக ஒரு சின்னப் பொம்மைக் குகையும் வைத்தார். கோகோ குகைக்குள் போனது. போனதுதான். பிறகு என்னிடம் வந்து, “மாமா, ஒரு வாரம் யாரும் தொந்தரவு பண்ணாம விட்டாத் தேவலைங்க” என்றார்.

இங்கேதான் எல்லாத் தப்பும் ஆரம்பித்தது. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை மாமனாருக்கு உத்தரவு போட மாட்டார். அப்படியானால் ‘யாரும்’ என்று அவர் சொன்னது என்னையாக இருக்க முடியாது. என் மனைவிக்குத்தான் அவர் மரியாதையாக என் மூலம் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு, சமையலறைக்குப் போய் சரோஜாவிடம், “அந்தப் பக்கம் போகாதே, மாப்பிள்ளை சொல்லிட்டாரு” என்று கண்டித்துவிட்டு வந்தேன்.

“நான் எதுக்குப் போறேன்?” என்றாள் அவள். அவள் பிரச்சினை வேறு. அன்று காலையில்தான் ஃப்ரீசரில் தேங்காய்த் துருவல் எடுக்கப் போய், பக்கத்து டப்பாவைத் திறந்து பார்த்திருந்தாள். உறைந்த எலிக்குஞ்சு, தனித்தனியாக, வரிசையாக. அன்றிலிருந்து அந்த வீட்டில் தேங்காய்ச் சட்னி கிடையாது.

ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளை ஒரு எலிக்குஞ்சை வெந்நீரில் போட்டு இளக்கி, இடுக்கியால் பிடித்து நீட்டினார். கோகோ பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. சம்பந்தி வீட்டு விருந்தில் உப்புக் குறைந்தால் பெரிய மனிதர்கள் திருப்புவார்களே, அதே மாதிரி.

மாப்பிள்ளை பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பரவாயிருந்தது. புது இடத்தில் சாப்பிடாத உயிரை நான் பார்த்ததில்லையா? லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறேன். குஞ்சு இறக்கிய முதல் நாள் என்ன செய்ய வேண்டும் என்று இந்தியாவில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. ஒன்று, வெளிச்சம்: விளக்கு அணையவே கூடாது, இருட்டில் குஞ்சு தீனி பொறுக்காது, மூலையில் போய் அடைந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் செத்துப்போகும். இரண்டு, தரையில் பேப்பர் விரித்துத் தாய்க்கோழி கொத்துவது மாதிரி விரலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று, வெல்லத் தண்ணீரில் மூக்கை ஒரு தடவை முக்கி எடுக்க வேண்டும். நான்கு, விடாமல் எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பேட்ச் போச்சு.

மகளும் மாப்பிள்ளையும் காலையில் பக்கத்து ஊரான பிளேனோவுக்கு வேலைக்குப் போனதும் நான் அறைக்குள் போனேன். குகையை எடுத்து வெளியே வைத்தேன். (மூலையில் அடையக் கூடாது.) டேபிள் லாம்பைக் கொண்டுவந்து தொட்டிக்கு நேராகத் திருப்பினேன். பேப்பர் விரித்தேன். மூடியைத் திறந்து, “சாப்புடுங்க, சாப்புடுங்க” என்று தட்டினேன். கோகோ பந்தாகச் சுருண்டுகொண்டது. பசி மயக்கம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அவர்கள் வருவதற்கு முன் விளக்கையும் பேப்பரையும் எடுத்துவிட்டேன். குகையை மட்டும் வைக்கவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் குகை தொட்டிக்குள் இருக்கிறது.

எனக்குத் தலை சுற்றியது. சரோஜா அந்த அறைப் பக்கமே போக மாட்டாள். வித்யாவுக்குப் பாம்பென்றால் நடுக்கம். மாப்பிள்ளையாக இருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரே. பாம்பே இழுத்துப் போட்டுக்கொள்கிறதா? அதற்குக் கையேது? மறுபடி எடுத்து வைத்தேன். மறுநாள் மறுபடி உள்ளே. இது ஒரு வாரம் நடந்தது. கடைசியில் அந்தக் குகையைக் கொண்டுபோய் கராஜில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். இரண்டு நாளில் தொட்டிக்குள் வேறு ஒரு குகை, வேறு நிறத்தில். அதையும் ஒளித்தேன். மூன்றாவது வந்தது. நாலாவது வாரத்தில் கராஜில் மூன்று குகை இருந்தன. இவ்வளவுக்கும் நானும் மாப்பிள்ளையும் தினமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். “மழை வரும் போலிருக்குதுங்க மாமா” என்பார். “ஆமாங்க மாப்பிள்ளை” என்பேன். அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை நீட்டிய எலியும் வேண்டாம் என்றது. மூன்றாவதும் வேண்டாம். நான் ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு வந்துவிட்டேன். சரோஜா வாசலில் நின்று எட்டிப் பார்த்து, “ஏனுங்க, நாப்பதாயிரம் கோழிக்குத் தீனி போட்ட ஆளு, ஒரு நாடாவுகிட்டக் கெஞ்சிட்டு நிக்கறீங்க” என்றாள்.

ஐந்தாவது வாரம் கோகோவின் கண் இரண்டும் வெள்ளை பூத்து நீலம் பாரித்துப் போனது. எனக்குத் திக்கென்றது. அதற்கு முந்தின வருடம்தான் எனக்கு அதே மாதிரி கண்புரை வந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். பாம்புக்குக் கண் தெரியவில்லை, அதனால்தான் எலி இருக்கும் இடம் தெரியாமல் முகத்தைத் திருப்புகிறது. எல்லாம் எனக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. என்னிடம் மிச்சம் இருந்த சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சரோஜா பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள். டாக்டரைக் கேட்காமல் எதுவும் கூடாது என்றாள்.

டாக்டர் இருந்தார். நான் தினமும் ஏரிக்கரையில் கூட நடக்கும் சிவநேசன். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வருடம் கண் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செல்போனில் படம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டே வைத்து, தூர வைத்து, நிறைய நேரம் பார்த்தார்.

“ஐயா, எனக்கு மனுசரின்ர கண்தான் தெரியும். இது தோல் கழட்டப் போகுது போல கிடக்கு. ஒண்டும் செய்யாமல் விடுங்கோ.”

ஒன்றும் செய்யாமல் விடுவது என்பது எனக்குச் செய்யத் தெரியாத ஒரே வேலை. அவர் சொன்னபடியே அடுத்த திங்கட்கிழமை கோகோ தோலை உரித்துப் போட்டுவிட்டுப் பளபளவென்று இருந்தது. கண்ணும் தெளிந்துவிட்டது. ஆனால் வரும் ஞாயிற்றுக்கிழமையோடு ஆறு வாரம் முடிகிறது. பாம்பை விற்றவரிடம் வித்யா பேசிவிட்டாள் என்றும், திருப்பி அனுப்பும் பெட்டி வாங்கி வைத்துவிட்டாள் என்றும் சரோஜா வந்து சொன்னாள். மாப்பிள்ளை அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. பாம்பும் சாப்பிடவில்லை, மாப்பிள்ளையும் சாப்பிடவில்லை. என் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எலி, எலி என்கிறார்களே, என் பண்ணையில் பாம்பு எதைத் தின்றது? குஞ்சை. அதுவும் உயிரோடு. உறைந்த எலியை வெந்நீரில் போட்டு நீட்டினால் எவன் தின்பான்?

செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டர் சிவநேசனை அவருடைய காரிலேயே ஏற்றிக்கொண்டு (அவர்தான் ஓட்டினார்) ஊருக்கு வெளியே இருக்கும் விவசாயச் சாமான் கடைக்குப் போனேன். வசந்த காலத்தில் அங்கே கோழிக்குஞ்சு விற்பார்கள். ஒன்று போதும் என்றேன். ஆறுக்குக் குறைந்து தர மாட்டார்களாம். எதற்கு என்று நான் டாக்டரிடம் சொல்லவில்லை. வளர்க்க என்று அவர் நினைத்துக்கொண்டார். நல்ல மனிதர், வழியெல்லாம் பெட்டியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். ஆறும் நடுங்கிக்கொண்டிருந்தன. சூடு போதவில்லை. ஒன்றைக் கையில் எடுத்தேன். அது என் உள்ளங்கையில் உட்கார்ந்து என் ரேகையைக் கொத்தியது.

உங்களிடம் சொல்வதற்கென்ன. நாற்பது வருடத்தில் நான் சந்தைக்கு அனுப்பிய கோழிக்குக் கணக்கில்லை. லாரி லாரியாக ஏற்றியிருக்கிறேன். ஆனால் ஒரு குஞ்சைக் கையில் எடுத்துப் பாம்பின் வாயில் கொடுக்கிற வேலை எனக்கு வரவில்லை. தொட்டி வரைக்கும் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். குஞ்சு கத்தியது. கை தானாக வந்துவிட்டது. பாம்பிடமிருந்து குஞ்சைக் காப்பாற்றியே பழகிய கை.

முதலில் குஞ்சுக்குச் சூடு வேண்டும், மற்றது அப்புறம் என்று முடிவு செய்தேன். குளியல் தொட்டியில் பேப்பர் விரித்து ஆறையும் விட்டேன். வீட்டில் சூடு தரும் விளக்கு ஒன்றுதான் இருந்தது. கோகோவின் தொட்டி மேலிருந்து அதை எடுத்துக்கொண்டேன். அரை மணி நேரம்தானே. பேப்பரில் ரவை தூவினேன். விரலால் தட்டினேன். என்ன சொல்வது, ஐந்து வாரத்தில் முதல் தடவையாக என் தட்டலுக்கு மரியாதை கிடைத்தது. ஆறும் ஓடிவந்து பொறுக்கின. அந்தச் சந்தோஷத்தில் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது மணி நாலு. பாம்பு அறைக்குப் போனேன். கம்பிவலை மூடி ஒரு பக்கம் தூக்கியிருந்தது. விளக்கை எடுக்கும்போது மூடியின் கொக்கியைக் கழற்றியவன் திரும்ப மாட்டவில்லை. தொட்டி காலி.

அடுத்த ஒன்றரை மணி நேரம் நான் அந்த வீட்டில் தரையில் தவழ்ந்தேன். சரோஜா சாப்பாட்டு மேசை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஐந்தரைக்கு வித்யாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அதே நேரம் குஞ்சுத் தீவனம் ஒரு பை வாங்கிக்கொண்டு டாக்டர் சிவநேசனும் வந்து சேர்ந்தார். வித்யா முகம் கழுவப் போனாள். மெதுவாக வெளியே வந்து, “அப்பா, பாத் டப்புல ஏன் கோழி இருக்கு?” என்றாள்.

சொன்னேன். அதோடு, பாம்பு தானாகவே மூடியைத் திறந்துகொண்டு போய்விட்டது, அதற்கு அவ்வளவு பலம் இருப்பது எனக்கே தெரியாது என்றும் சொன்னேன். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். பிறகு மிகவும் கூச்சத்தோடு, “மாமா, தொட்டிக்கு மேல ஒரு கேமரா இருக்குதுங்க” என்றார்.

“எந்தத் தொட்டிக்கு?”

“பாம்புத் தொட்டிக்குங்க. மொத நாள்ல இருந்தே இருக்குதுங்க.”

பாம்பு எந்தப் பக்கம் போனது என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் மாப்பிள்ளை செல்போனிலிருந்து ஹால் டிவியில் போட்டார். போட்டவர் எங்கேயோ தவறாகத் தொட்டுவிட்டார். பழையதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்தது. அவருக்கு நிறுத்தத் தெரியவில்லையோ என்னவோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

டிவியில் நான் வந்தேன். பனியனோடு. குகையைத் தூக்கினேன். டேபிள் லாம்பைத் திருப்பினேன். “சாப்புடுங்க, சாப்புடுங்க” என்று தட்டினேன். பாம்பின் மூக்கை வெல்லத் தண்ணீரில் முக்கினேன். அடுத்த நாள் நான். அதற்கடுத்த நாள் நான். ஒரு நாள் தாய்க்கோழி மாதிரி கொக்கரித்தேன். (அது எனக்கே மறந்திருந்தது.) ஒவ்வொரு தடவையும் கோகோ இன்னும் சின்னப் பந்தாகச் சுருண்டது. டாக்டர் சிவநேசன் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது. சரோஜா மேசை மேலிருந்தே, “கடவுளே, இதுக்குத்தான் அது சாப்பிடலையா” என்றாள். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் எனக்கே விளங்கியது. ஐந்து வாரமாக அந்தப் பாம்பு சாப்பிடாமல் இருந்ததற்குக் காரணம் பனியன் போட்டுக்கொண்டு டிவியில் நின்றது.

அப்புறம் இன்னொன்று வந்தது. மூன்றாவது எலியையும் வேண்டாம் என்ற மறுநாள். நான் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். குரல் தெளிவாகக் கேட்டது.

“இத பாரு கோகோ. ஆறு வருசமா என் மாப்பிள்ளை என்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. எல்லாம் இருக்குது, எல்லாம் இருக்குதுன்னே சொல்லிட்டாரு. வேணும்னு வாயத் தொறந்து கேட்டது உன்ன ஒருத்தனத்தான். ஒரு வாய் தின்னுடு சாமி. உன்னத் திருப்பி அனுப்பிட்டா நான் அந்த மனுசன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

டாக்டர் வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

வித்யா மாப்பிள்ளையைப் பார்த்தாள். “இவ்ளோ நாள் இதெல்லாம் பாத்துட்டா இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“மாமாவாச்சே, எப்படிச் சொல்றது?” என்றார் மாப்பிள்ளை. பிறகு என் பக்கம் திரும்பினார். “இத அன்னிக்கே மீட்டிங்ல உக்காந்து பாத்துட்டேனுங்க மாமா. அதுக்கப்புறம் சுத்தமாச் சொல்ல முடியலைங்க.”

கடைசியாக அன்றைய படம் வந்தது. கோகோ மூடியைத் தலையால் நெம்பி, வெளியே வழிந்து, கதவைத் தாண்டி இடது பக்கம் போனது. இடது பக்கம் எங்கள் படுக்கையறை. அங்கே தரையில் சூடான காற்று வரும் ஓட்டைக்குப் பக்கத்தில் என் சூட்கேஸ் திறந்து கிடந்தது. மாப்பிள்ளை ஒவ்வொரு துணியாக எடுத்தார். அடியில் என் குரங்குக் குல்லா. அமெரிக்கக் குளிருக்காக நான் ஊட்டியில் வாங்கியது, முகம் மட்டும் தெரிகிற மாதிரி கழுத்து வரை மூடும் கம்பளிக் குல்லா. அதைத் தூக்கியதும் கனத்தது. முகம் தெரிகிற ஓட்டை வழியாக ஒரு சின்ன மூக்கு எட்டிப் பார்த்தது.

இருட்டு, இறுக்கம், கதகதப்பு, தட்ட ஆள் கிடையாது. ஐந்து வாரமாக அது தேடிய இடம்.

மாப்பிள்ளை குல்லாவோடு அதை எடுத்துப் போய் அப்படியே தொட்டியில் வைத்து, விளக்கை மாட்டி, கொக்கியைப் போட்டார். வெளியே வந்து அறைக் கதவைச் சாத்தினார். என் எதிரே நின்றார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்துப் பேசினார்.

“மாமா. ஞாயித்துக்கெழம வரைக்கும் நீங்க இந்த ரூமுக்குள்ள போகக் கூடாதுங்க.”

எனக்கு உத்தரவு போட்டவர்கள் என் வாழ்க்கையில் குறைவு. போட்டவர்களில் நான் கேட்டது இவர் ஒருவர் பேச்சைத்தான். ஐந்து நாள் போகவில்லை. அந்தக் கதவைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். எப்படிப் பொழுது போனது என்றால், ஆறு குஞ்சு இருந்ததே, அவற்றைத் தட்டித் தட்டிச் சாப்பிட வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை ஒரு எலிக்குஞ்சை இளக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திருப்பி அனுப்பும் பெட்டி ஹாலில் தயாராக இருந்தது. வித்யா அதைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கால் மணி நேரம் ஆனது. பத்தாயிரம் முட்டை பொரிகிறதா இல்லையா என்று காத்திருந்தபோதுகூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

கதவு திறந்தது. மாப்பிள்ளை கையில் இடுக்கி மட்டும் இருந்தது. “சாப்பிட்டுடுச்சுங்க மாமா” என்றார். குல்லாவுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, ஒரே கவ்வாகக் கவ்வி, உள்ளே இழுத்துக்கொண்டதாம். நான் பார்க்கவில்லை. நான் பார்க்காததனால்தான் நடந்தது என்று இந்தக் குடும்பம் இன்றைக்கும் சொல்கிறது.

வித்யா எழுந்து பெட்டியை மடித்துக் குப்பையில் போட்டாள். குஞ்சுகளை அந்தக் குடியிருப்பில் வளர்க்க விட மாட்டார்கள் என்பதால், மாப்பிள்ளையுடன் வேலை செய்யும் ஒருவருடைய தோட்டத்துக்குக் கொடுத்தோம். அங்கிருந்து மாதம் இரண்டு தடவை முட்டை வருகிறது. (அதையும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.)

இப்போது அந்த வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி இருக்கிறாள். போன முறை போயிருந்தபோது நான் பருப்புச் சாதக் கிண்ணத்தோடு அவள் பின்னாலேயே, “ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய்” என்று வீடெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை லாப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “மாமா, குல்லா.” நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வீட்டில் அதற்கு ‘கொஞ்சம் சும்மா விடுங்க’ என்று அர்த்தம். என்னிடம் ஒன்றும் சொல்லத் தயங்கிய மனிதர் இப்போது ஒரு நாளைக்கு நாலு தடவை குல்லா சொல்கிறார். விருந்தாளிகள் முன்னால்கூடச் சொல்கிறார். அவர்களுக்கும் கதை தெரியும், அதனால் சிரிக்கிறார்கள். போன தீபாவளிக்கு, என்ன வேண்டும் மாப்பிள்ளை என்று போனில் கேட்டேன். “இன்னொரு குல்லா வேணுங்க மாமா, பழசு கிழிஞ்சு போச்சு” என்றார். அன்றைக்கே ஊட்டிக்கு ஆள் அனுப்பினேன்.

எனக்கு ஒரே ஒரு கோரிக்கை பாக்கியிருக்கிறது. கோகோவின் தொட்டியில் மாப்பிள்ளை ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார். முதல் சாப்பாடு என்றைக்கு, அன்றைக்குச் சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. வித்யாவைப் படித்துச் சொல்லச் சொன்னேன். ஒளியும் இடம் என்ற வரிக்கு எதிரே ‘கம்பளிக் குல்லா’ என்று மட்டும் போட்டிருக்கிறதாம். யாருடைய கம்பளிக் குல்லா? வானத்திலிருந்து விழுந்ததா? நாமக்கல் பொன்னுசாமியின் குல்லா என்று அந்த வரியில் எழுத வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் யாராவது ஃபிரிஸ்கோ பக்கம் போனால் என் மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். நான் நேராகச் சொன்னால் குல்லா என்பார்.